நெல் மூட்டை ஏன் துள்ளுவதில்லை?

கும்பகோணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். என்.சி.சி. முகாமில் .22 ரைபிள் (0.22 அங்குலக் குழல் கொண்ட சிறு ரைபிள்) சுட்டவர். "அமெரிக்கப் போட்டிக் காணொளிகளில் அரைத்தானியங்கி ரைபிளால் (ஒவ்வொரு சுடலுக்குப் பிறகும் அடுத்த தோட்டா தானாக ஏறும் வகை) படபடவென்று சுடுகிறார்கள். குழல்வாய் அசையவே காணோம். நியூட்டனின் மூன்றாம் விதி அங்கே செல்லாதா?"

செல்லும். கணக்கைப் பாருங்கள். 4 கிராம் குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் அதன் உந்தம், அதாவது நிறையை (கிலோவில்) வேகத்தால் பெருக்கினால் வருவது, 3.6 அலகு. பின்னாலேயே சீறும் வெடிமருந்து வாயு ஏறக்குறைய இன்னொரு 2 அலகு சேர்க்கும். மூன்றரைக் கிலோ ரைபிள் நொடிக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வரும்; இதுதான் உதை. குண்டின் பங்கை யாராலும் தள்ளுபடி செய்ய முடியாது. வாயுவின் பங்கை மட்டும், குழல்வாயில் பக்கத் துளைகள் வைத்துத் திசை திருப்பலாம். துப்பாக்கியைக் கனமாக்கினாலும் உதை தணியும். தஞ்சைப் பீரங்கி மேட்டில் கிடக்கும் நாயக்கர் காலத்துப் பீரங்கி இருபது டன்னுக்கு மேல். அதைத் தோளில் தாங்கிப் போட்டிக்குப் போக ஆள் இல்லை.

ஆனால் அரைத்தானியங்கி ரைபிளில் உதை ஒன்றல்ல. குழலில் உள்ள சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயு பிரிந்து, உள்ளே இருக்கும் எஃகுக் கட்டையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கட்டை சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, சுருள்வில்லை அழுத்திக்கொண்டு போய்ப் பின்சுவரில் முட்டுகிறது: இரண்டாம் உதை. வில் அதைத் திருப்பி அனுப்ப, புதுத் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து அறைகிறது. குழல்வாய் கீழே குனிகிறது. குண்டு குழலைவிட்டு வெளியேற மில்லிநொடி போதும். கட்டை போய்வர அதைப்போல் பல பத்து மடங்கு நேரம். போட்டியாளர்கள் சரிசெய்வது இந்த இரண்டு மோதல்களைத்தான். கட்டை பின்சுவரைத் தொடும் அளவுக்கு மட்டும் வாயு போதும். மிஞ்சியதெல்லாம் தோளுக்கு வீண் குத்து.

எனக்குப் பிடித்தது கட்டைக்குப் பின்னால் ஒட்டி ஓடும் 'பஃபர்'. பார்த்தால் சாதாரண உருளை. கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே 'டக் டக்' என்று சத்தம். ஏஆர்-15 என்ற அமெரிக்க அரைத்தானியங்கி ரைபிளின் குட்டை வகைகளில் அதற்குள் மூன்று உலோகத் துண்டுகள், நடுவே ரப்பர் வில்லைகள், கொஞ்சம் காலி இடம். இறுக்கிப் பொருத்தாமல் ஏன் ஆட விட்டார்கள்?

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். லாரியிலிருந்து மூட்டை விழுந்தால் 'தொப்' என்று அப்படியே கிடக்கும். அதே உயரத்திலிருந்து ரப்பர் பந்து விழுந்தால் எம்பும். மூட்டையின் அடியில் உள்ள நெல் தரையில் பட்டு மேலெழ முயலும்போது, மேலே உள்ள நெல் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டும் நடுவழியில் உரசி, ஆற்றல் வெப்பமாகத் தீர்ந்துவிடுகிறது. பஃபரின் கதையும் இதுவே. கட்டை முன்னால் அறைந்து பின்வாங்கப் பார்க்கும் அந்தக் கணத்தில், உள்ளே தளர்வாக இருக்கும் துண்டுகள் சற்றுப் பிந்தி வந்து முட்டி, "இரு, போகாதே" என்று அமுக்குகின்றன. எஃகுத் துண்டுக்குப் பதில் டங்ஸ்டன் போட்டால் அதே இடத்தில் எடை ஏறும். கட்டையின் ஓட்டமும் நிதானமாகும்.

இதற்கு நேர் எதிர்க் கட்சியும் உண்டு: கட்டையையும் பஃபரையும் இளைக்க வைத்து வாயுவையும் குறைத்தால், ஓடும் எடையே குறைவு, ஆட்டமும் குறைவு என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் எடை, வில், வாயு மூன்றும் ஒத்துப்போக வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் தோட்டா சிக்கும். விலை உயர்ந்த சுருள்வில்லை மாட்டிவிட்டு "உதையே தெரியவில்லை" என்பவர்களை நான் நம்புவதில்லை. மந்திரித்த கயிறு கட்டியவரும் அதைத்தான் சொல்கிறார். எந்த வில் உள்ளே இருக்கிறது என்று சொல்லாமல் சுடச் சொல்ல வேண்டும். சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது; நான் படித்த பள்ளியிலோ உந்த அழியாமையைக் காட்டும் சிறு வண்டிகள் பூட்டிய அலமாரியிலேயே துருப்பிடித்தன. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

மாணவரின் .22க்கு இந்தச் சிகிச்சை எதுவும் வேண்டாம். அங்கே கட்டையைக் கையால் இழுக்கிறோம், தானாக ஓடும் பாகம் இல்லை. குண்டு இரண்டரை கிராம், நொடிக்கு 330 மீட்டர். மூன்று கிலோ ரைபிள் பின்வாங்குவது நொடிக்கு 30 சென்டிமீட்டருக்கும் கீழ். முகாமில் அவர் தோள் நோகாததற்கு அதுவே காரணம்.