ஏஎல் முடித்த பிள்ளையை யார் கையில் கொடுக்கிறோம்?

போன வருடம் கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை என்னைப் பார்க்க வந்தாள். ஏஎல் என்கிற உயர்தரத்தில் கலைப்பிரிவு, நல்ல பெறுபேறு. "கம்பஸுக்குப் போட்டாயா பிள்ளை?" என்று கேட்டேன். "போட்டாச்சு மிஸ், கொமினிகேசன் கடையில" என்றாள். விண்ணப்பத்தின் பிரதியை வாங்கிப் பார்த்தேன். தெரிவு வரிசையில் இருந்த பாடநெறிகள் பலவற்றின் பெயரே அவளுக்குத் தெரியாது. மின்னஞ்சல் முகவரி கடைக்காரருடையது. கொடுத்திருந்த தொலைபேசி எண், தகப்பன் வேலைக்குக் கொண்டுபோய்த் தொலைத்துவிட்ட போனுடையது.

"இந்த வரிசையை யார் போட்டது?"

"கடை அண்ணா. எல்லாருக்கும் இப்பிடித்தான் போடுவாராம்."

விண்ணப்ப முடிவுத் திகதி தாண்டி நான்கு நாள் ஆகியிருந்தது.

அந்தக் கடை அண்ணாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதின்மூன்று வருடம் படித்த பிள்ளை தன் வாழ்க்கையின் முக்கியமான படிவத்தை நிரப்பியபோது பக்கத்தில் இருந்த ஒரே மனிதர் அவர்தான். பெறுபேற்றைக் கையில் கொடுத்ததோடு பாடசாலை தன் பொறுப்பு முடிந்தது என்று நினைத்தது. பிள்ளை வாசலுக்கு வந்த பிறகுதான் தன் பொறுப்பு தொடங்குகிறது என்று பல்கலைக்கழகம் நினைக்கிறது. நடுவில் இருந்தது ஒரு போட்டோக்கொப்பிக் கடை.

நான் வன்னியில் தொழில் வழிகாட்டல் வேலை செய்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. இங்கே பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கோ தொழில்நுட்பக் கல்லூரிக்கோ போய்ச் சேராததற்குப் புள்ளி மட்டும் காரணமில்லை. ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்திடம் பிள்ளையை ஒப்படைக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. அந்த இடைவெளியில் அதிகமாக விழுபவர்கள், வன்னிக்குள்ளேயே சிறுபான்மையாக இருக்கும் சமூகங்களின் பிள்ளைகள்.

வன்னித் தமிழர் என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்கிவிடுகிறோம். ஆனால் கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் போன்ற ஊர்களில் இருக்கும் குடும்பங்களில் கணிசமானவை மலையகத்திலிருந்து வந்தவை. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகும், 1970களின் பஞ்சத்தின்போதும் தோட்டங்களை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த சமூகம் அது. எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பிறகு 2009, போரின் கடைசி வருடம். இப்போது உயர்தரம் எழுதும் வயதில் இருப்பவர்கள் அந்த வருடம் கைக்குழந்தைகளாகப் பங்கருக்குள் இருந்தவர்கள். பிறப்புச் சான்றிதழ் போய், உத்தேச வயதுச் சான்றிதழை வைத்துக்கொண்டு, அதில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி என்று வரும் பிள்ளைகளை நான் இன்றும் பார்க்கிறேன். பதிவு நாளன்று கண்டுபிடித்தால் அது பெரிய தலைவலி. பதினோராம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டால் பிரதேச செயலகத்துக்கு இரண்டு மூன்று தடவை அலைவதோடு முடிந்துவிடும்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், பொறியியல் பீடம், தொழில்நுட்ப பீடம் மூன்றும் இருக்கின்றன. இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் அங்கேதான், 2016இல் திறந்தார்கள். நான் சொன்ன ஊர்கள் சிலவற்றிலிருந்து சைக்கிளிலேயே போகக்கூடிய தூரம். கட்டட வேலைக்குக் கல்லும் சீமெந்தும் சுமந்தவர்களில் இந்தத் தகப்பன்மாரும் உண்டு. அந்த வளாகத்துக்குள் மாணவராகப் போன பிள்ளையை இந்த ஊர்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏன்? ஊர்ப் பாடசாலையின் வகையைப் பாருங்கள். 1ஏபி பாடசாலையில்தான் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவு இருக்கும். 1சி என்றால் கலையும் வர்த்தகமும். வகை 2 என்றால் பதினோராம் வகுப்போடு முடிந்தது. குடியேற்றக் கிராமத்துப் பிள்ளை கலைப்பிரிவு எடுப்பது பெரும்பாலும் விருப்பத்தால் அல்ல, பக்கத்தில் அதுதான் இருக்கிறது. அடுத்த சிக்கல் அங்கே தொடங்குகிறது. பல பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. வடக்கின் ஐந்து மாவட்டமும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. கலைப் பாடநெறிகளுக்கோ பெரும்பாலும் அகில இலங்கைத் தரவரிசைதான். அதாவது கிளிநொச்சிக்கென்று இருக்கும் சலுகை, அது அதிகம் தேவைப்படும் பிள்ளை எடுக்கும் பிரிவில் உதவுவதில்லை. இதை ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் யாராவது அந்த வீட்டில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். உயர்தரம் எழுதி முடித்த பிறகு சொல்லி என்ன பயன்?

மாவட்டம் என்றதும் மன்னார் மாவட்டத்தின் முசலிப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பல, போருக்குப் பிறகு சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிப் பக்கம் திரும்பின. ஆனால் ஒரு கால் இன்னும் புத்தளத்தில். தகப்பன் மன்னாரில் காணி துப்புரவாக்க, பிள்ளைகள் புத்தளத்தில் படிக்கிறார்கள். கோட்டாவுக்கு எந்த மாவட்டம் என்று தீர்மானிப்பது வீட்டு முகவரி இல்லை, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் படித்த பாடசாலை. "எங்கட பதிவு மன்னார்லதானே" என்று நம்பியிருந்த ஒரு தகப்பனுக்கு இதை விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. கோபப்படவில்லை அவர். "முதலே தெரிஞ்சிருந்தா ஓஎல் பரீட்சையோட கூட்டிக்கொண்டு வந்திருப்பன் மிஸ்" என்று மட்டும் சொன்னார். புத்தளத்தில் ஒரு பாடசாலை, மன்னாரில் ஒரு வலயக் கல்விப் பணிமனை. இரண்டும் ஒரு தடவை கதைத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம் அது.

ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்குக்கு விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தத்தான் செய்கிறது. பனர் கட்டுவார்கள், துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள், பொன்னாடை, படம். பாடசாலை மண்டபத்தில் முந்நூறு பிள்ளைகளை இருத்திவைத்துப் பேசிவிட்டுப் போவார்கள். பேசியவர்களுக்கு ஒரு பிள்ளையின் பெயரும் தெரியாது. அடுத்த கிழமை வேறொரு நிறுவனம் வந்து அதையே பேசும். இதை ஒத்துழைப்பு என்று அறிக்கையில் எழுதுகிறோம்.

நாங்கள் ஒரு பிரதேசத்தில் வேறு மாதிரிச் செய்து பார்த்தோம். பணம் அதிகம் தேவைப்படவில்லை. வகுப்பாசிரியர், பிரதேச செயலகத்து மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர், கிராம அலுவலர், ஒரு விரிவுரையாளர், தொழிற்பயிற்சிப் போதனாசிரியர் ஒருவர் என எல்லாரும் ஒரே மேசையில் இருந்தோம். பெற்றோரிடம் முதலே சம்மதம் வாங்கியிருந்தோம், பிள்ளையின் விபரம் கைமாறுவதற்கு அது கட்டாயம். பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக எடுத்தோம். இந்தப் பிள்ளைக்கு அடையாள அட்டை வந்துவிட்டதா? போன் யாருடையது? கட்டடக்கலை, இசை, நடனம் போன்ற துறைகளுக்குத் தனியான உளச்சார்புப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ இருக்கிறது, அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும் என்று தெரியுமா? இடம் கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன? ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எங்களில் ஒருவரின் பெயரை எழுதினோம். "எல்லாரும் பார்ப்போம்" என்று ஒரு பெயரையும் விடவில்லை.

எனக்கே பாடமாக அமைந்தது தொழிற்பயிற்சிக்காரர் சொன்னதுதான். "கம்பஸ் கிடைக்காத பிள்ளைகள்தான் எங்களிடம் வரும் என்று நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள். பிறகு எப்படி வரும்?" என்றார். அவர் சொன்னது சரி. தேசிய தொழிற்றகைமை, என்விகியூ என்று சொல்வோமே, அதில் ஏழு மட்டம் இருக்கின்றன. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழில்நுட்பத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் அந்த வழியால் வருபவர்களுக்காகவே இருக்கிறது. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் தொழிற்றுறைப் பிரிவில் சேர்ந்து இந்த ஏணியில் கால் வைக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தில் உயர்தரம் இல்லாமலே அடிப்படைப் பாடநெறியிலிருந்து தொடங்கலாம். விரிவுரையாளர் தொழிற்பயிற்சியைப் பற்றியும், போதனாசிரியர் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் பேசும்படி அடுத்த கூட்டத்தில் மாற்றிவைத்தோம். பிள்ளைகள் நிமிர்ந்திருந்து கேட்டார்கள்.

அப்புறம் பெற்றோரை வளாகத்துக்குக் கூட்டிப்போனோம். இதை நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். பிள்ளைகளை மட்டும் கூட்டிப்போகாதீர்கள். முடிவெடுப்பவர் அம்மா. ஊர் மாதர் சங்கம் மதியச் சாப்பாடு கட்டித் தந்தது. வாசலில் பஸ்ஸை நிறுத்தியதும் ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "மிஸ், உள்ள போக டிக்கெட் எடுக்கணுமா?" என்று கேட்டார். அந்த வாசலுக்கு முன்னாலேதான் அவர் பல வருடம் வேலைக்குப் போய்வந்திருக்கிறார்.

உள்ளே அவர்கள் கேட்ட கேள்விகள் எங்கள் துண்டுப்பிரசுரம் ஒன்றிலும் இல்லாதவை. விடுதியில் பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டடமா? காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? பகிடிவதை இருக்கிறதா? 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம் என்று விரிவுரையாளர் சொன்னார். ஆனால் அவர்களுக்குத் தைரியம் வந்தது சட்டத்தால் அல்ல. அதே மாதிரி ஒரு குடியேற்றக் கிராமத்திலிருந்து போய்ப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை எழுந்து, தனக்கு நடந்ததையும் தான் யாரிடம் போய்ச் சொன்னாள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். காசைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். மகாபொல, பேசரி என்று உதவித்தொகைகள் எல்லாம் உண்டு, ஆனால் விண்ணப்பித்து முதல் தவணை கைக்கு வரும்வரை சமாளிக்கக் கொஞ்சம் சேர்த்துவையுங்கள் என்றாள். சீட்டுக் கட்டும் அம்மாமார் உடனே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே அரச திட்டங்கள் இருக்கின்றன. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொடங்கிய அப்வர்ட் பவுண்ட் அதில் ஒன்று. ஒரு கல்லூரி அரச பணத்தைப் பெற்று, அயல் பாடசாலைகளின் பிள்ளைகளை எட்டாம் வகுப்பு முடிந்த காலத்திலிருந்தே பொறுப்பெடுத்து, விடுமுறையில் வளாகத்துக்குள் கொண்டுவந்து படிப்பிக்கிறது. சேரும் பிள்ளைகளில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் ஏழைக் குடும்பமாகவும், பெற்றோர் பட்டம் பெறாதவர்களாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. அவர்களிடம் இருக்கும் பணம் நம்மிடம் இல்லைத்தான். ஆனால் எந்தக் கல்லூரி எந்தப் பாடசாலைக்குப் பொறுப்பு என்று எழுதிவைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. அறிவியல்நகரும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் பத்துப் பத்துப் பாடசாலைகளை இப்படிப் பொறுப்பெடுத்தால் போதும் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு ஆசிரியர் அறையில், பிள்ளைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, "அதுகள் தோட்டக்காட்டுப் பிள்ளைகள், கடைசியில் கூலிக்குத்தான் போகுங்கள்" என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். கதவு திறந்திருந்தது. வெளியே கொப்பிக் கட்டோடு ஒரு பிள்ளை நின்றாள். எந்த ஒத்துழைப்பும் எந்தப் பெயர்ப் பட்டியலும் அந்த ஒரு வசனத்துக்குப் பரிகாரம் ஆகாது. அன்று நான் அங்கேயே மறுத்துப் பேசவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது. இப்போது யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்துகிறேன்.

இந்த முறை பெறுபேறு வரும் கிழமைக்கு முன்னால், வகுப்பாசிரியர்களிடம் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவளுக்கே கடவுச்சொல் தெரிந்த ஒரு மின்னஞ்சல். வீட்டில் எப்போதும் இருக்கும் ஒருவரின் போன் எண், அம்மம்மாவுடையது என்றாலும் பரவாயில்லை. அந்தக் கொமினிகேசன் கடை அண்ணாவையும் அழைத்திருக்கிறோம். விண்ணப்பக் கையேட்டை எப்படிப் பார்ப்பது என்று விரிவுரையாளர் அவருக்குக் காட்டிக்கொடுக்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.