பழைய காருக்கு வீல், டயர் மாற்றுவதற்கு முன்: விண்டேஜ் பதிவும் சட்டமும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் தென்னந்தோப்புக் கொட்டகைகளில் இன்றும் பழைய அம்பாசிடரோ பியட்டோ தார்ப்பாய்க்கு அடியில் நிற்பதைப் பார்க்கலாம். தாத்தா ஓட்டிய வண்டி. பேரன் அதை வெளியே இழுத்ததும் முதலில் தேடுவது டயரும் அலாய் வீலும்தான். அமெரிக்காவில் 1949க்கு முந்தைய கார்களுக்குப் புது எஞ்சின் வைத்து, முன்னால் சின்ன டயர், பின்னால் பெரிய டயர் மாட்டி ஓட்டுவார்கள். அதற்கு ஸ்ட்ரீட் ராட் என்று பெயர். அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு கோயமுத்தூரில் கடை கடையாக ஏறுவதற்கு முன், வண்டியை எந்தப் பதிவில் வைத்திருக்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. வீல் அதற்குப் பிறகுதான்.

வழி இரண்டு. ஒன்று விண்டேஜ் பதிவு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இது சேர்ந்தது. முதல் பதிவுத் தேதியிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் உரியது. 1972இல் பதிவான மார்க் 2 அம்பாசிடர் இதில் வரும்; 1985 பிரீமியர் பத்மினி கார் வராது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. அதாவது ஸ்ட்ரீட் ராட் செய்த வண்டிக்கு இந்தக் கதவு திறக்காது.

விதியில் வீல் என்ற சொல் இல்லையே என்று சிலர் வாதிடுவார்கள். இல்லைதான். ஆனால் "அசல் வடிவம்" என்ற சொல் இருக்கிறது. மாநிலம் அமைக்கும் குழு வண்டியை நேரில் பார்த்துத்தான் தகுதி சொல்லும். பதினேழு இஞ்ச் குரோம் வீலோடு போய் நின்றால் அவர்களுக்கு என்ன தோன்றும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். என் யோசனை, பழைய இரும்பு ரிம்மைச் சுத்தம் செய்து பெயின்ட் அடித்து அதையே மாட்டுவது.

புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பாலக்காட்டின் பழைய கே.எல்.பி. பிளேட் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்! முதல்முறை பதிவாகும் வண்டிக்கு மாநிலக் குறியீட்டோடு வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் ஒன்று: இந்த வண்டியைத் தினமும் ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். கல்யாண வாடகைக்கு விடுவது நடக்காது.

இரண்டாவது வழி, சாதாரண ஆர்.சி.யை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டுவது. சந்தைக்கும் போகலாம், பொள்ளாச்சிக்கும் போகலாம். ஆனால் இங்கே மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு காத்திருக்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் பார்த்தும் பார்க்காமலும் விட்டார்களே என்ற பேச்சு எல்லையான வாளையாரைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்தால் எடுபடாது. பொள்ளாச்சி வண்டியை வாங்கி இங்கே கொண்டுவருபவர்கள் 28ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று எடுத்தே வர வேண்டும்.

சரி, டயருக்கு வருவோம். அம்பாசிடருக்கு அசல் அளவு 5.90-15, பியட்டுக்கு 5.20-14, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கு 5.20-13. முதல் எண் அகலம், இரண்டாவது ரிம், இரண்டும் இஞ்சில். இவை குறுக்கு நூல் போட்ட பயாஸ் டயர்கள். நூல் நேராக ஓடும் இன்றைய ரேடியல் டயருக்கு மாறினால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே அச்சில் ஒன்று ரேடியல், ஒன்று பயாஸ் என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது மொத்த உயரத்தைக் கணக்குப் போடுங்கள். 165/80 ஆர் 15 என்றால் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 15 இஞ்ச்; மொத்தம் சுமார் 645 மில்லிமீட்டர் உயரம். பார்க்க அழகாக இருக்கிறதே என்று 185/65 ஆர் 15 போட்டால் 621 தான். வண்டி 12 மில்லிமீட்டர் தாழும், ஸ்பீடோமீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அகலத்தில் 205க்குப் போனால் பவர் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் வலிக்கும், மட்கார்டிலும் உரசும். போல்ட் ஓட்டை பொருந்தாத அலாயை இடையில் ஸ்பேசர் என்ற வளையம் வைத்து மாட்டுவது வீல் பேரிங்குக்கு வைக்கும் உலை.

பக்கவாட்டில் எழுதியிருக்கும் சுமைக் குறியீட்டையும் பாருங்கள். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், 82 என்றால் 475. ஆறு பேரையும் டிக்கியில் தேங்காய் மூட்டையையும் ஏற்றுகிற ஊர் இது, குறைத்து வாங்காதீர்கள். பழைய ரிம்மில் ட்யூப்லெஸ் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு இருக்காது; ட்யூப் போட்டே ஓட்டுங்கள். ஸ்டெப்னியும் வேண்டும்.

டயர் தேய்மானத்துக்கு எல்லை, பட்டன் (ட்ரெட்) ஆழம் 1.6 மில்லிமீட்டர். ஆனால் நம் வண்டிகள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். ஒருமுறை பட்டன் தேயாத டயர் என்று ஆசையாக வாங்கி வந்து பார்த்தால், நான்கு இலக்கத் தேதிக் குறி 2312. 2012ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்! மாட்டிய மாதமே பக்கவாட்டில் வெடித்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். வெள்ளைக் கோடு போட்ட டயரை அமெரிக்காவிலிருந்து வரவழைக்க நினைப்பவர்களுக்கு: 2020 ஜூனிலிருந்து புது டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் தேவை.

விண்டேஜ்தான் என்று முடிவானால் அரசின் பரிவாகன் இணையதளத்தில் 20ஆம் படிவம், இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி., கட்டணம்; இறக்குமதி வண்டி என்றால் சுங்க ரசீதும் வேண்டும். அறுபது நாளுக்குள் 23ஏ படிவத்தில் பதிவுச் சான்று வர வேண்டும். கழற்றிய அசல் ரிம்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.