கணக்கை மூடினீர்கள் சரி, சாவி?

சில மாதங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் லினக்ஸ் சர்வர்களைத் தணிக்கை செய்யப் போயிருந்தேன். எல்லாவற்றிலும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) நுழைவு, ஊழியர் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் மைய எல்டாப் சர்வரோடு இணைக்கப்பட்டிருந்தது. "யாராவது வேலையை விட்டால் ஒரே இடத்தில் கணக்கை முடக்கிவிடுவோம் சார், அவ்வளவுதான்" என்றார் அங்கிருந்த அட்மின். சரி என்று, யார் எப்போது நுழைந்தார்கள் என்று பதிவாகும் லாக் கோப்பைத் திறந்தேன். 4 மாதங்களுக்கு முன் விலகியவரின் பெயரில் அன்று அதிகாலைகூட நுழைவு பதிவாகியிருந்தது.

திருட்டு ஒன்றுமில்லை. அவர் எழுதிவைத்த பேக்கப் ஸ்கிரிப்ட் வேறொரு கணினியிலிருந்து அவருடைய எஸ்எஸ்எச் சாவியோடு விசுவாசமாக ஓடிக்கொண்டிருந்தது.

முடக்கிய கணக்கு எப்படி உள்ளே வந்தது? பாஸ்வேர்டு கொடுத்தால், லினக்ஸில் நுழைவைச் சரிபார்க்கும் அடுக்கான பாம் (PAM) வழியாக, மைய சர்வரோடு பேசும் எஸ்எஸ்எஸ்டி (SSSD) என்ற சேவை எல்டாப்பிடம் கேட்கும், அங்கே மறுப்பு வரும். ஆனால் சாவியோடு, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலான டிஜிட்டல் கோப்போடு, வருபவரை எஸ்எஸ்எச் சர்வரே சரிபார்த்துவிடுகிறது. பாமின் அங்கீகாரப் படியை அது தொடுவதே இல்லை, கணக்கைப் பார்க்கும் படி மட்டும் ஓடும். அங்கேதான் எஸ்எஸ்எஸ்டி தடுத்திருக்க வேண்டும். யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் அதன் 'ஆக்சஸ் புரொவைடர்' அமைப்பில் எதுவும் எழுதாவிட்டால் இயல்பு 'பெர்மிட்', அதாவது யாரும் வரலாம். கையால் எழுதிய அவர்களுடைய கோப்பில் அந்த வரியே இல்லை.

அதைச் சரிசெய்த கையோடு நிரந்தரச் சாவிகளையும் ஒழித்துவிடலாம் என்றேன். எஸ்எஸ்எச்சின் பரவலான மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சில், சாவிக்குக் காலக்கெடு வைத்துக் கையொப்பமிட்டுத் தரும் சான்றிதழ் வசதி 2010 முதலே இருக்கிறது, பயன்படுத்துபவர்கள்தான் குறைவு. காலையில் ஆபீஸ் மெயிலுக்கு நுழையும் அதே அடையாளத்தோடு பிரவுசரில் நுழைந்தால் 8 மணி நேரச் சான்றிதழ் கிடைக்கும்படி அமைத்தோம். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: புதிய முறையைச் சேர்த்தாலும் அனுமதித்த சாவிகளின் பட்டியலான பழைய 'ஆதரைஸ்டு கீஸ்' கோப்புகள் தம்பாட்டுக்கு வேலை செய்யும். அவற்றைப் படிக்காதே என்று சர்வருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சான்றிதழின் காலம் பார்க்கப்படுவதும் நுழையும்போது மட்டுமே. ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் காலம் தாண்டியும் நீடிக்கும். ஆகவே ஒருவர் விலகும் அன்று அவருடைய செஷன்களையும் துண்டியுங்கள்.

இந்த அமைப்புகளை மாற்றும்போது முழு அதிகாரம் கொண்ட இன்னொரு ரூட் செஷனைத் திறந்தே வையுங்கள். நான் ஒருமுறை என்னையே வெளியே பூட்டிக்கொண்டு நள்ளிரவில் டேட்டா சென்டருக்கு ஓடியிருக்கிறேன். அடையாள சர்வரே படுத்துவிட்டால், நெட்வொர்க் நுழைவை நம்பாமல் கன்சோல் (சர்வரின் நேரடித் திரை, விசைப்பலகை) வழியாக நுழைய ஒரு உள்ளூர்க் கணக்கும் வேண்டும். அதன் பாஸ்வேர்டு உறையில், பெட்டகத்தில் இருக்கட்டும்.

அப்புறம் அந்த பேக்கப். விலகியவரின் கணக்கை நிஜமாகவே மூடினால் அன்றிரவே அது நின்றிருக்கும். அதற்கென்று தனிக் கணக்கு உருவாக்கினோம். எந்த ஐபி முகவரியிலிருந்து வரலாம், எந்த ஒரு கட்டளையை ஓட்டலாம் என்பதை அதன் சான்றிதழிலேயே எழுதிவிட்டோம். மறுநாள் அதிகாலை லாக்கில் புதுப் பெயர் வந்திருந்தது.