வார இறுதியில் ஊட்டி: இருவர் பயணத்துக்கு ஒரு மணிக்கணக்கு

நீலகிரியில் பயண ஏற்பாடு செய்து தருகிற எங்களிடம் தம்பதியர் முதலில் கேட்பது, "ரெண்டு நாள்ல எத்தனை இடம் பாக்கலாம்?" என்பதுதான். சனிக்கிழமை மதியம் வந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் இறங்கும் பயணத்தில் தூக்கம், சாப்பாடு, குளியல் போக வெளிச்சத்தில் கைக்குக் கிடைப்பது எட்டு மணி நேரம் இருந்தால் அதிகம். அதற்குள் பைக்காரா, தொட்டபெட்டா, டால்பின் நோஸ், படகுச் சவாரி என்று ஒன்பது இடம் போட்டுத் தரும் பேக்கேஜை எடுத்தால், பாதி நேரம் காரின் பின் சீட்டில்தான் கழியும்.

ஊட்டி 200 வயதைத் தாண்டிய ஊர். பார்க்கத் தகுந்த பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை ஊரின் மையச் சந்திப்பான சேரிங் கிராஸிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. இரண்டு பகலுக்கு அதுவே தாராளம். பைக்காராவை அடுத்த முறைக்கு வையுங்கள்.

ஏறி வருவதில் தொடங்குவோம். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு வெள்ளி இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் சரி. காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம் சேரும். மலை ரயில் 7.10க்குக் கிளம்பி மதியம் 12 மணிக்குச் சற்று முன் ஊட்டியில் இறக்கிவிடும். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரமா என்று அலுத்துக்கொள்பவர்கள் பஸ்ஸில் வரலாம். ஆனால் இந்த ஊரின் வரலாற்றில் பாதி அந்தத் தண்டவாளத்தில் கிடக்கிறது. குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கி, 1908இல் ஊட்டியைத் தொட்டது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறு தாண்டியதும் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, 12 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் ஏறும். இந்தப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டாது. இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் முதல் பெட்டியின் முன்பக்கம் புகை, மறைப்பு இல்லாமல் திறந்திருக்கும். அந்த இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். வார இறுதி இருக்கைகள் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் கடைசிவரை வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும், அதை நம்பி வண்டி ஏறக் கூடாது. கிடைக்காதவர்கள் குன்னூர் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து வெலிங்டன், கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டி வரும் ரயிலைப் பிடிக்கலாம். ஒன்றேகால் மணி நேரம்தான். பல்சக்கரமும் நீராவியும் இந்தப் பகுதியில் கிடையாது, டீசல் இன்ஜின்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண்சரிவு ஏற்பட்டு ரயில் ரத்தாவது வாடிக்கை. அந்த மாதங்களில் வந்தால் பஸ் திட்டமும் கையில் இருக்கட்டும்.

காரில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும், அதாவது மலைக்கு வர ஆன்லைனில் வாங்கும் அனுமதி. 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது; அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருபவர்களுக்குத் தேவையில்லை. 2025 கோடை சீசனில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. சோதனைச்சாவடி வரிசையில் நின்றுகொண்டு போனில் விண்ணப்பிப்பவர்கள் அன்றைய ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்ற பதிலோடு திரும்ப நேரிடும். அறை உறுதியான அன்றே பாஸையும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை அதே சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் போதும், வழியில் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன. வளைவில் வாந்தி வருபவர்கள் மருந்தை மேட்டுப்பாளையம் வருவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. அதில் தூக்கம் வரும் என்பதால் ஓட்டுபவர் தொடவே கூடாது.

அறைக்குப் பணம் கட்டும் முன் போனில் நாலு கேள்வி கேளுங்கள். வெந்நீர் நாள் முழுக்க வருமா, காலை இரண்டு மணி நேரம் மட்டுமா? வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி? சுவர் ஓதம் இல்லாத மாடி அறையா, தரைத்தள அறையா? ஹீட்டருக்குத் தனிக் கட்டணமா? இதற்கு நேராகப் பதில் வராத இடத்தில் 'லேக் வியூ' என்ற சொல்லுக்கும் பெரிய மதிப்பு வேண்டாம்.

அடையாள அட்டை இருவருடையதும் வேண்டும். பான் கார்டில் முகவரி இல்லாததால் பல விடுதிகளில் ஏற்க மாட்டார்கள். திருமணமாகாத வயதுவந்த இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கச் சட்டம் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கோவை விடுதி ஒன்றைப் பற்றிய வழக்கில் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் சில விடுதிகள் வாசலில் மறுக்கின்றன. இரவு எட்டு மணிக்கு அந்த வாக்குவாதம் வேண்டாம். பதிவு செய்யும்போதே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

குளிர் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரியில் இங்கே பள்ளப் பகுதிகளில் உறைபனி விழும். கேம்ப் ஃபயர் முடிந்ததும் மிச்சக் கரியைச் சட்டியோடு அறைக்குள் எடுத்துப்போய், ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குபவர்கள் இருக்கிறார்கள். பார்பிக்யூ அடுப்பை மழைக்காக உள்ளே இழுத்து வைப்பவர்களும் உண்டு. தணலாகக் கிடக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம். தூக்கத்தில் இருப்பவருக்கு அந்தத் தலைவலிகூடத் தெரியாது. புகை அடங்கிவிட்டதே என்று நினைப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் புகை இல்லாத தணலிலும் வாயு வரும். கரி எதுவும் அறைக்குள் வரக் கூடாது. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருந்து, வெளிக்காற்று வர வழி இல்லை என்றால் அறையை மாற்றிக் கேளுங்கள். கம்பளி கூடுதலாக ஒன்று கேட்டால் எந்த விடுதியிலும் தருவார்கள்.

இனி ஊர். சனி மதியம் சாப்பிட்டு இரண்டரைக்குக் கிளம்பினால் முதலில் செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயம். 1829இல் அடிக்கல் நாட்டி, 1831 ஈஸ்டரில் வழிபாட்டுக்குத் திறந்தது. உள்ளே போனதும் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள்: அந்தப் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து மலையேற்றிக் கொண்டுவந்த மரம். பின்பக்கக் கல்லறைத் தோட்டத்தில் ஊட்டியை உருவாக்கிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரம், சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு ஏற்றதல்ல. அதனால்தான் சனிக்கிழமையே போகச் சொல்கிறோம்.

அடுத்தது சல்லிவன் 1822இல் கட்டிய ஸ்டோன் ஹவுஸ், இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. கல்லூரி என்பதால் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் படம் எடுக்க வராது. அப்போது கமர்ஷியல் ரோட்டில் நடந்து ஒரு டீயும் புவிசார் குறியீடு பெற்ற மொறுமொறு பேக்கரிப் பலகாரமான ஊட்டி வர்க்கியும் சாப்பிடலாம்.

தாவரவியல் பூங்காவுக்கு ஞாயிறு காலை ஏழு மணிக்கே போய்விட வேண்டும். ஒன்பதரைக்கு மேல் டூரிஸ்ட் பஸ்கள் இறங்கினால் புல்வெளி திருவிழாக் கூட்டமாகிவிடும். 1848இல் மெக்ஐவர் வடிவமைத்த 22 ஹெக்டேர். இரண்டு கோடி ஆண்டுப் பழமையான, கல்லாக மாறிய மரம் ஒன்றும் இருக்கிறது. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் குடியிருப்பான மந்துக்குப் போனால் கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள், கோயில் பக்கம் போகாதீர்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் எம்பிராய்டரியை வாங்க விரும்பினால் துணியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பருத்தியில் இழை எண்ணிக் கையால் தைத்த சிவப்பு, கறுப்பு நூல் பின்பக்கமும் ஓடியிருக்கும். அச்சடித்ததில் பின்பக்கம் வெறுமையாக இருக்கும்.

இறங்க மதியம் 2 மணி மலை ரயில் உண்டு. மாலை ஐந்தரை வாக்கில் மேட்டுப்பாளையம், இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ். ஏறும்போது ரயிலில் வந்தவர்கள் இறங்கப் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரமாவது மிச்சமாகும். கார் இருந்தால் கோத்தகிரி வழி. அங்கே கன்னேரிமுக்கில் சல்லிவனின் பழைய பங்களா அருங்காட்சியகமாக இருக்கிறது, முக்கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

இறக்கத்தில் இரண்டாம் கியர், ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' அல்லது மேனுவல். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முழு பாரமும் பிரேக்கின் தலையில் விழும். சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து, மிதித்தால் பெடல் பொதபொதவென்று உள்ளே போகும். கருகல் வாடை வந்ததும் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான டிஸ்க் வளைந்துவிடும். ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. பலாப்பழக் காலத்தில் கோத்தகிரி வழியிலுள்ள குஞ்சப்பனை சுற்றுவட்டாரத்தில் யானைகள் சாலைக்கு வரும், அந்தப் பகுதியை இருட்டும் முன் தாண்டிவிடுங்கள். எதிரே நின்றால் ஹாரன் அடிக்காமல், இறங்காமல், அது கடக்கும்வரை தள்ளியே நிறுத்துங்கள்.