ஓய்வுபெற்ற முடுக்கியும் பழைய இரும்பு வணிகமும்

கோவையில் மருத்துவ இயற்பியலாளராக நான் நெடுநாள் இயக்கிய நேர்கோட்டு முடுக்கி (புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் கருவி) அண்மையில் ஓய்வுபெற்றது. நாள்தோறும் காலையில் அயனியாக்கக் கலத்தை வைத்துக் கதிர் வெளியீட்டை அளந்து, உரிய அளவிலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் விலகவில்லை என்று உறுதிசெய்த பிறகே முதல் நோயாளியை உள்ளே அழைப்போம். கடைசிக் காலத்தில் கதிரின் வடிவத்தை வரையறுக்கும் டங்ஸ்டன் தகடுகளுள் ஏதேனும் ஒன்று பாதியில் நின்றுவிடும். அதன் சின்னஞ்சிறு மோட்டாரை மாற்றி முடிக்கும்வரை நோயாளிகள் வெளியே காத்திருப்பார்கள்.

"ஏனுங் சார், கரண்ட் வெச்ச ஒடம்போட பேரனைத் தூக்கலாமுங்களா?" என்று பொள்ளாச்சிப் பக்கத்து அம்மா ஒருவர் கேட்டார். கதிர் சிகிச்சையைத்தான் அவர் 'கரண்ட்' என்றார். தாராளமாகத் தூக்கலாம். நுண்ணலையால் எலெக்ட்ரான்களை விரைவுபடுத்தி, டங்ஸ்டன் இலக்கில் மோதவிட்டு எக்ஸ்-கதிரை உண்டாக்குவதே இக்கருவியின் வேலை. மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும், உடலில் எதுவும் தங்காது. (அயோடின்-131 என்ற கதிரியக்க மருந்தை உட்கொண்டவர்களுக்கு விதி வேறு; அவர்கள் மருத்துவர் சொன்னபடி விலகியிருக்க வேண்டும்.)

ஆனால் 15 மெகாவோல்ட் அளவில் இயங்கிய கருவி என்பதால், அதில் உண்டான நியூட்ரான்கள் இலக்கையும் அதைச் சூழ்ந்த உலோகங்களையும் சிறிதளவு கதிரியக்கமுடையவை ஆக்கியிருந்தன. அப்படி உண்டான கதிரியக்கப் பொருள்களுள் டங்ஸ்டன்-187 ஒரு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். மாங்கனீசு-54 பாதியாவதற்கோ 312 நாள் ஆகும். ஆகவே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியுடன் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பிரிக்கிறோம். டங்ஸ்டனுக்கும் ஈயத்துக்கும் செம்புக்கும் நல்ல விலை கிடைக்கும் என்பதற்காக, அளக்காத எதையும் எடைக்குப் போட முடியாது.

உண்மையான ஆபத்து தாமாகவே கதிர் வீசும் கோபால்ட்-60 போன்ற மூலங்களில்தான் இருக்கிறது, ஏனெனில் அவற்றை நிறுத்த சுவிட்சு கிடையாது. 2010-இல் தில்லி மாயாபுரியில், ஒரு பல்கலைக்கழகம் ஏலம் விட்ட, கோபால்ட்-60 அடங்கிய காமாக் கதிர்க் கருவியைப் பிரித்த பழைய இரும்புக் கடைகளில் பலர் பாதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். 2008-இல் இந்தியாவில் செய்த லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 கலந்திருந்தது பிரான்சில் தெரியவந்தது. உலைக்குள் போன கோபால்ட் உருக்கு முழுவதிலும் கலந்துவிடும் என்பதால், பம்பு வார்க்கும் நம்மூர் பவுண்டரிகள் எடைமேடையருகே ஒரு கதிர்வீச்சு அளவியை வைத்துக்கொள்வது வீண்செலவாகாது என்பது என் கருத்து. பழைய இரும்பில் மூவிலைக் கதிரியக்கச் சின்னமோ, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈய உறையோ தென்பட்டால் வெட்டாமல், உடைக்காமல், ஆட்களை விலக்கிவிட்டுக் காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் உடனே தெரிவியுங்கள்.