கோழிக்கும் பன்றிக்கும் நடுவே: பறவைக் காய்ச்சல் இனம் தாண்டும் வழி

ஏரியில் மேயும் காட்டு வாத்துகளின் குடலில் பலவகை இன்ஃப்ளுயன்சா வைரஸ்கள் வாழ்கின்றன. பெரும்பாலும் வாத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. வைரஸ் எச்சத்தோடு தண்ணீரில் கலக்கிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரி போன்ற ஏரிகளை ஒட்டிய அறுவடை வயலில் மேய்ச்சல் வாத்துகள் இறங்கினால், பக்கத்து வீட்டு நாட்டுக்கோழி வரை சங்கிலி நீள இடமுண்டு. எச்சத்தில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் 37 டிகிரி வெயிலில் ஆறு நாள் தாங்கும். 4 டிகிரி குளிரில் 35 நாள்கூட.

மனிதருக்குத் தொற்றுவது அவ்வளவு சுலபமில்லை. செல்லின் மேல் பறவை வைரஸ் பற்றிக்கொள்ளும் சர்க்கரைக் கொக்கி நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு, நுரையீரலின் அடியில்தான் அதிகம். 1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்தும், அது ஊரெல்லாம் பரவாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு தடை வெப்பம். பறவை உடலின் 41 டிகிரிக்குப் பழகிய வைரஸ், நம் மூக்கின் 33 டிகிரியில் மெதுவாகத்தான் பெருகும். ஆனால் வைரஸின் பிபி2 என்ற புரதத்தில் 627-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால், அந்தத் தடை பெருமளவு தளர்ந்துவிடும்.

பன்றியின் மூச்சுக்குழாயில் பறவை வைரஸுக்கான கொக்கி, மனித வைரஸுக்கான கொக்கி இரண்டும் உண்டு. வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. பறவை வைரஸும் மனித வைரஸும் ஒரே செல்லுக்குள் புகுந்தால், துண்டுகள் கலந்து 256 விதமாகச் சேரலாம். 2009-இல் உலகைச் சுற்றிய எச்1என்1 வைரஸில் பறவை, மனிதர், பன்றி மூன்றின் துண்டுகளும் இருந்தன. வெண்பன்றிக் கொட்டிலுக்குள் கோழியை மேயவிடக் கூடாது என்பதும், காய்ச்சல் உள்ள ஆள் அங்கே தீவனம் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். 2024-இல் அமெரிக்கக் கறவை மாடுகளின் மடியிலேயே எச்5என்1 பெருகியது. பாலைக் காய்ச்சாமல் குடிப்பதற்கு இனி எந்த நியாயமும் இல்லை.

சேலம், நாமக்கல் பண்ணைகளில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று முட்டை அட்டை. காகித அட்டையைக் கழுவ முடியாது. ஒரு பண்ணையின் எச்சம் அதில் ஒட்டியபடியே அடுத்த பண்ணைக்குப் போகிறது. கழுவி, கிருமிநாசினியில் முக்கி, காயவைத்த பிளாஸ்டிக் தட்டுதான் நல்லது. வாசலில் கால் நனைக்கும் தொட்டி வைத்தால் மட்டும் போதாது. செருப்பில் அப்பிய எச்சத்தை முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். எச்சம் கலந்தால் பிளீச்சிங் கரைசலின் வீரியம் போய்விடும். கரைசலைத் தினமும் மாற்றுங்கள். கொட்டகைக்கென்று தனிச் செருப்பு வைத்தால் இன்னும் பாதுகாப்பு.

கோழிகள் திடீரெனக் கூட்டமாகச் செத்தால் அறுக்காதீர்கள், விற்காதீர்கள், ஏரியில் வீசாதீர்கள். கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்லுங்கள். அவற்றைத் தொட்டவருக்குக் காய்ச்சலோ கண் சிவப்போ வந்தால், மருத்துவரிடம் "கோழி செத்துச்சுங்க, நான்தான் தூக்கிப் போட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.