தனிநிலைப் பரவல்: எத்தனை, எவ்வளவு

கோத்தகிரிப் பக்கம் பசுந்தேயிலை எடை போடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டு கேள்விகள் காதில் விழும். "இன்னிக்கு எத்தனை பேர் பறிச்சாங்க?" "எவ்வளவு இலை வந்துச்சு?" பறித்தவர்கள் ஏழு பேராக இருக்கலாம், எட்டுப் பேராக இருக்கலாம், ஏழரைப் பேர் கிடையாது. இலை அப்படியில்லை. 42 கிலோ வரும், 42.3 வரும், தராசு நுணுக்கமானதாக இருந்தால் 42.37 என்றும் காட்டும்.

'எத்தனை' என்று கேட்கிற இடமெல்லாம் தனிநிலை, 'எவ்வளவு' என்று கேட்கிற இடமெல்லாம் தொடர். பேச்சில் "எவ்வளவு பேர்" என்றும் சொல்கிறோம்தான். ஆனால் "எத்தனை தண்ணி" என்று யாரும் கேட்பதில்லையே! பன்னிரண்டாம் வகுப்பில் 'தனிநிலைச் சமவாய்ப்பு மாறி' (ஆங்கிலத்தில் 'டிஸ்கிரீட் ரேண்டம் வேரியபிள்') என்ற தலைப்பைப் பார்த்து மிரளும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு வினாச்சொற்களை நினைவுபடுத்தினாலே பாதி பயம் போய்விடும்.

தனிநிலை என்பது ஆங்கிலத்தில் 'டிஸ்கிரீட்'. பிரித்தெடு, வேறுபடுத்து என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் 'தனித்த', 'தொடர்ச்சியற்ற' என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இப்போது பாடநூலில் நிற்பது 'தனிநிலை'. இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதுச் சொல் இல்லை. ஆய்த எழுத்துக்குத் தனிநிலை என்றும் ஒரு பெயர் உண்டு. உயிரோடும் சேராமல், மெய்யோடும் சேராமல் தனியே நிற்பது. 0, 1, 2, 3 என்று ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் எண்களுக்கும் பொருத்தமான பெயர்தான். 'தொடர்ச்சியற்ற' என்பதைவிட இது எவ்வளவோ மேல். இல்லாத ஒன்றைச் சொல்லி ஒரு பொருளுக்குப் பெயர் வைப்பானேன்?

'நிகழ்தகவு' இன்னும் நல்ல ஆக்கம். தகவு என்றால் தகுதி, நடுவுநிலை. குறளில் வரும் 'தக்கார் தகவிலர்' என்பதில் இருப்பது இதே தகவு. 'பிராபபிலிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலமும் 'ஏற்கத்தக்கது' என்ற பொருளைத்தான் தருகிறது. ஆக, நிகழ்வதற்கு எந்த அளவுக்குத் தகும் என்பதே நிகழ்தகவு.

'பரவல்' கொஞ்சம் இடறும். கொரோனா பரவல் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, ஏதோ ஒன்று நகர்ந்துபோவதுபோலத் தோன்றும். இலங்கையில் 'பரம்பல்' என்பார்கள்; அதில் இந்தக் குழப்பம் குறைவு. எந்தச் சொல்லை எடுத்தாலும் கருத்து ஒன்றுதான்: மொத்த நிகழ்தகவு 1. அந்த ஒன்று எந்தெந்த எண்ணுக்கு எவ்வளவு பங்காகப் போய்ச் சேருகிறது என்பதே பரவல்.

மழைக்காலத்தில் மலையில் வெளியே தலைகாட்ட முடியாத நாட்களில் தாயக்கட்டை உருட்டுகிறோமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: வெறுமை, 1, 2, 3. சேர்த்து உருட்டினால் 16 வகையில் விழலாம். தாயம் விழ ஒன்றில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் வேண்டும். அதற்கு இரண்டு வகை, ஆகவே 16இல் 2. இரண்டு விழ 3 வகை, மூன்றுக்கு 4, நாலுக்கு 3, அஞ்சுக்கு 2. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்றுதான் (இரண்டிலும் வெறுமை விழுந்தால் பன்னிரண்டு). கூட்டினால் 16. இதுவே ஒரு முழுமையான தனிநிலைப் பரவல். ஏழிலிருந்து பதினொன்று வரை எதுவுமே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

'சமவாய்ப்பு' என்ற சொல்லோடு எனக்குள்ள பிணக்கும் இங்கேதான். கட்டையின் நான்கு முகத்துக்கும் வாய்ப்பு சமம், சரி. ஆனால் விழும் தொகைகளுக்கு வாய்ப்பு சமமில்லையே? மூன்று விழும் வாய்ப்பு பன்னிரண்டைப்போல நான்கு மடங்கு. அப்புறம் அதைச் 'சமவாய்ப்பு மாறி' என்றால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? 'ரேண்டம்' என்பதற்கு இலங்கையில் வழங்கும் 'எழுமாற்று' இந்தத் தவறான குறிப்பைத் தருவதில்லை. வெறுமனே 'வாய்ப்பு மாறி' என்றாலும் போதும் என்பது என் கட்சி.

தாயம் விழக் காத்திருப்பதற்கும் ஒரு பரவல் உண்டு. முதல் வெற்றி எத்தனையாவது உருட்டலில் என்று கேட்பது அது. ஆங்கிலத்தில் 'ஜியாமெட்ரிக்' என்று இருப்பதால் சிலர் 'வடிவியல் பரவல்' என்று பெயர்க்கிறார்கள். கோணமும் வட்டமும் அங்கே எங்கிருந்து வந்தன? பெருக்குத் தொடர்போல ஒவ்வொரு படியிலும் வாய்ப்பு ஒரே எண்ணால் பெருக்கப்படுவதால் 'பெருக்குப் பரவல்' என்பதே சரி. சராசரியாக 8 உருட்டலில் தாயம் விழும். ஆனாலும் 8 முறை உருட்டியும் விழாமல்போக 34 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. "இத்தனை தடவை விழலை, இப்ப விழுந்தே ஆகணும்" என்பதைக் கட்டை கேட்காது.

'ஈருறுப்புப் பரவல்' நாற்றங்காலுக்கு உரியது: பிழைக்கும், பிழைக்காது என்று இரண்டே முடிவுள்ளவற்றில் எத்தனை பிழைத்தன என்று எண்ணுவது. ஒரு தேயிலை நாற்று பிழைக்க 90 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பத்து நட்டால் ஒன்பது பிழைக்கும் என்று கணக்குப் போடுவோம். சரியாக ஒன்பது பிழைக்க வாய்ப்பு 39 விழுக்காடுதான். பத்தும் பிழைக்க 35. ஒன்றின் பிழைப்பு மற்றதைப் பாதிக்கக் கூடாது என்பது இதன் நிபந்தனை. ஜனவரி உறைபனி ஒரே இரவில் பாத்தி முழுவதையும் கருக்கினால் இந்தக் கணக்கு செல்லாது.

கடைசியாகப் 'பாய்சான் பரவல்'. குறிப்பிட்ட காலத்தில் ஒன்று எத்தனை முறை நடக்கும் என்று எண்ணுவது. இது ஆள்பெயர், பிரெஞ்சு உச்சரிப்பு புவாசோன், மீன் என்று பொருள். நல்லவேளை, யாரும் 'மீன் பரவல்' என்று மொழிபெயர்க்கவில்லை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் தெனி பாய்சான் (1781–1840) நீதிமன்றத் தீர்ப்புகளின் நிகழ்தகவு பற்றி 1837இல் வெளியிட்ட நூலில் இது வருகிறது. இதைப் புகழடையச் செய்தது குதிரை. பிரஷ்யப் படையில் 10 பிரிவுகளில் 20 ஆண்டுகளில் குதிரை உதைத்து இறந்தவர்கள் 122 பேர். புள்ளியியலாளர் போர்ட்கீவிச் 1898இல் இந்தக் கணக்கை வெளியிட்டார். ஒரு பிரிவின் ஓர் ஆண்டை ஒன்றாக எண்ணினால் மொத்தம் 200 பிரிவு-ஆண்டுகள்; அவற்றில் யாரும் சாகாதவை 109. பாய்சான் கணக்குப்படி வரவேண்டியது 108.7. ஒருவர் இறந்தவை 65, கணக்கு 66.3. இதற்கு அவருக்குத் தேவைப்பட்டது 0.61 (122ஐ 200ஆல் வகுத்தது) என்ற ஒரே ஒரு சராசரிதான்.

நமக்குக் குதிரைக்குப் பதில் கரடி. ஓர் ஊருக்குள் மாதம் சராசரி 2 முறை கரடி வருகிறது, ஒரு வருகைக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லை என்று கணக்குக்காகக் கொள்வோம். கரடியே வராத மாதத்துக்கு 14 விழுக்காடு வாய்ப்பு. சரியாக இரண்டு முறை வர 27. ஐந்தும் அதற்கு மேலும் வர 5 விழுக்காடுதான். ஆனால் வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம். அவற்றில் ஒன்றிலாவது ஐந்து முறையோ மேலோ வர ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த மாதம் டீக்கடையில் "கரடித் தொல்லை கூடிப்போச்சு" என்ற பேச்சு எழும். கூடியிருக்கலாம்; கூடாமலேயும் இந்த எண் வரும். ஒரு மாதத்தை வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

குன்னூர்த் தெருக்களில் வரும் காட்டெருமைக்கு இதே பரவலைப் போட்டால் தப்பாகிவிடும். அவை பெரும்பாலும் கூட்டமாக வருபவை. ஒன்று தெரிந்தால் பின்னால் ஐந்தாறு நிற்கும். ஒன்றின் வருகை மற்றதன் வருகையோடு கட்டுண்டது. தலைகளை எண்ணினால் பாய்சான் பொருந்தாது. ஒரு வாரத்தில் எத்தனை கூட்டம் வந்தது என்று எண்ணினால் ஓரளவு பொருந்தும். ஒற்றைக் கடா தனியே வந்தால் அதையும் ஒரு வருகையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.